நோவா பிரசங்கமும் மொழிபெயர்ப்பாளரும்

— ஜன்னலுக்கும் கதவுக்கும் இன்னும் எத்தனை தரம்தான் நடப்பீங்க? நில்லுங்க, பித்தானாவது போட்டு விடுறேன்.

— எப்படி நிக்கறது, மாட்லோமோ? ஃபூரி பாதிரியார் இன்னைக்குன்னு பாத்து நோவா பிரசங்கத்த எடுத்து வச்சிருக்காரு.

— வருஷா வருஷம் எடுக்கறதுதானே. அவர் வெள்ளைக்காரங்க பாஷை ஆப்பிரிக்கான்ஸ்ல ஒரு வரி சொல்வாரு, நீங்க பக்கத்துல நின்னு நம்ம கோசாவுல ஒரு வரி சொல்வீங்க. பதினோரு வருஷமா நடக்குது.

— அவருக்கு நம்ம பாஷை ஒரு எழுத்து தெரியாது, அதனால நடந்துச்சு. இன்னைக்கு முன் பெஞ்சுல உக்காரப் போறவரு கேப் டவுன்ல இருந்து வந்திருக்கிற மிஷன் பெரியவரு, வெள்ளைக்காரரு. சின்ன வயசுல பண்ணையில நம்ம புள்ளைங்களோட மாடு மேய்ச்சவராம். நேத்து என்கிட்ட மாட்டுக் கழிச்சலுக்கு என்ன மூலிகை குடுப்பீங்கன்னு கோசாவுலயே கேக்குறாரு. என்னவிட நல்லாப் பேசுறாரு, பாவி மனுஷன்.

— அப்போ இன்னைக்கு ஒரு நாள் ஃபூரி சொல்றத அப்படியே சொல்லிட்டு வந்துடுங்களேன்.

— எத? 'நோவா சபிச்ச மகன் காமோட வம்சம் நீங்கதான், உங்க தோல் கருத்ததே அந்தச் சாபத்தால, வெள்ளைக்காரனுக்கு ஊழியம் செய்யணும்னு கடவுளே எழுதிட்டாரு'ங்கறதையா?

— அதைத்தான்.

— நான் இத்தனை நாளா மாத்திச் சொன்னதுல என்ன பொய்? நோவாக் கிழவன் குடிச்சுட்டுத் துணியில்லாம கிடந்தான், அத காம் பாத்துட்டான். போதை தெளிஞ்சதும் வெக்கத்துல காமோட மகனை, சொந்தப் பேரனைச் சபிச்சான். கடவுள் அங்க வாயே தொறக்கல. வேதத்துல அப்படித்தானே இருக்கு?

— இருக்கட்டும். இந்த வீடு மிஷனோடது. தோட்டம் மிஷனோடது. நம்ம பொண்ணு வுயிஸ்வா படிக்கறது மிஷன் பள்ளிக்கூடம். நீங்க மாட்டிக்கிட்டா சாயங்காலத்துக்குள்ள வெளிய போன்னு சொல்லிடுவாங்க. நான் எங்க போய் நிப்பேன்? உங்க தம்பி பொண்டாட்டிகிட்டயா? அவ என்னை வாசல்லயாவது ஏற விடுவாளா?

— அது தெரியாமயா நடந்துக்கிட்டு இருக்கேன்? ஆனா நோசிபோ வந்து உக்காந்திருப்பாளே. போன மாசம்தான் புள்ளைய மண்ணுல வச்சுட்டு வந்தா. உன்னைக் கடவுளே சபிச்சுட்டாருன்னு அவ மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?

— அவளுக்குத் தெரியாததையா சொல்லப் போறீங்க?

— என்ன?

— வுயிஸ்வா அப்பா, நோசிபோ இருபது வருஷம் வெள்ளைக்காரி அடுப்படியில வெந்தவ. கோயிலுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு அவங்க பண்ணையில இருந்தவங்க, மீதிப் பேரு சுரங்கத்துல. ஃபூரி பேசற ஆப்பிரிக்கான்ஸ் எல்லாருக்கும் புரியும். என்னைக்குமே புரிஞ்சுது. இதுல மறைக்க என்ன இருக்கு? பயப்படாம சொல்லுங்க.

— உனக்குமா?

— எனக்கும்தான்.

— அப்புறம் எதுக்கு நோவா பிரசங்கத்துக்குன்னா மழைன்னும் பாக்காம வர்றாங்க? அன்னைக்குத்தானே நிக்க இடம் இருக்காது?

— அவர் ஒண்ணு சொன்னதும் நீங்க என்ன சொல்றீங்கன்னு கேக்கத்தான். நோசிபோ சிரிப்ப அடக்க முடியாம சால்வையை வாயில வச்சு அமுக்கிக்குவா. என்ன, நின்னுட்டீங்க?

— அப்போ இன்னைக்கு நான் அவர் சொன்னதச் சொன்னா, அந்தச் சாபத்த நம்ம ஆள் வாயாலயே முதல் தடவையா கேப்பாங்க.

— மணி அடிச்சுட்டாங்க.

— மாட்லோமோ, நான் என்ன பண்றது?

— எப்பவும் சொல்றதையே சொல்லுங்க. நான் கோயிலுக்கு வரல, பாத்திரத்தையெல்லாம் மூட்டை கட்டணும்.