பாதிச் சொல்லை விட்டுக்கொடுத்தவர்

மாலை நான்கு பத்துக்குக் கடைசி மணி அடித்துவிட்டது.

ஒன்றாம் வகுப்புக்கு அம்மாவாகவும், ஏழாம் வகுப்புக்கு அறிவியலாகவும், எங்களுக்கு அக்காவாகவும் இருந்து இன்று பணி நிறைவு பெறும் வள்ளிக்கண்ணு டீச்சர் அவர்களே! உங்களை நேருக்கு நேர் புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் உங்கள் கதையை வேறு யாரோ ஒருவரின் கதை போலச் சொல்கிறோம். எங்களுக்கு இதைச் சொன்னவர் லின்சி டீச்சர். கோபம் வந்தால் அவரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நம் திருவானைக்காவல் பள்ளியில் ஓர் ஆசிரியை ஒன்றாம் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். ஆறு முதல் எட்டு வரை அறிவியல் நடத்தும் இடம் காலியாகப் போவது தெரிந்தது. அவரிடம் பி.எஸ்ஸி. இருந்தது, பி.எட். இல்லை. அதற்குள் முடித்தால் இடம் அவருக்கு. தவறினால் வெளியிலிருந்து வேறொருவர் வருவார். பிறகு ஓய்வு பெறும்வரை ஒன்றாம் வகுப்புதான். ஒன்றாம் வகுப்பு அவருக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே பூவைக் காட்டலாம், பிரித்துக் காட்ட முடியாது. பிரித்தால் குழந்தைகள் அழும். அவருக்குப் பிரித்துக் காட்ட ஆசை.

நாற்பத்தொன்பது வயதில் பல்கலைக்கழகத்தின் வார இறுதி பி.எட். வகுப்பில் சேர்ந்தார். சனியும் ஞாயிறும் தோளில் பையுடன், வகுப்பு நடக்கும் மன்னார்புரத்தில் பஸ்ஸை விட்டு இறங்குவார்.

அங்கே ஒரு பயிற்சி உண்டு. ஒருவர் ஐந்து நிமிடம் பாடம் நடத்துவார். உடன் படிப்பவர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பார்கள். நம் ஆசிரியையின் முறை வந்தது.

"செடிக்குச் சமையல் எங்க நடக்குது? இ..." என்று இழுத்தார்.

"லை!" என்றது, மீசை வைத்த, புடவை கட்டிய அந்த ஏழாம் வகுப்பு.

பேராசிரியர் பஷீர் அகமதும் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: "நல்லாருக்கும்மா. ஆனா இதுல கேள்வி எங்க? பாதி விடைய நீங்களே ஊட்டி விட்டுட்டீங்க."

"இல்லேன்னா புள்ளைங்க முழிக்குமே சார்."

"முழிக்கட்டுமே."

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி லின்சி வம்புக்கு இழுத்தார். அப்போது அவர் நம் பள்ளியில் சேரவில்லை; முசிறிப் பக்கத்திலிருந்து பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார். "ஏக்கா, பஸ்ல கண்டக்டர்கிட்டயும் 'ஒரு திருவானை...'னுதான் நிறுத்துவீங்களா?"

"ஆமா. அவரு 'க்கா'ன்னு முடிச்சு டிக்கெட்டும் கொடுப்பாரு. உனக்கென்னடி?"

வீட்டிலும் அதே கதைதான். "சாம்பார்ல உப்..." என்று அவர் கேட்டால், காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் கணவர் பிச்சைமுத்து தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்: "பு. பத்தலை. இதுக்கும் மார்க் உண்டா?"

சிரிப்பாகத்தான் இருந்தது, இரண்டாம் முறையும் மதிப்பெண் குறையும்வரை. "இப்படியே போனா செய்முறைத் தேர்வுல நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. வெளியூர்லேருந்து வர்றவர்தான் மார்க் போடுவாரு" என்றார் பேராசிரியர்.

அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தார். பள்ளிக்கு வந்த முதல் வாரத்தில் வாயே திறக்காத பிள்ளையைப் பேச வைத்தது அந்தப் பாதிச் சொல்தான். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்று புரிந்தது. கேள்வி கேட்டபின் வரும் அமைதி என்றால் அவருக்குப் பயம். அதற்குள் பிள்ளை தனியாக மாட்டிக்கொண்டதுபோல் இருக்கும். உடனே ஓடிப்போய்ப் பாதியைக் கொடுத்துவிடுவார்.

செய்முறைத் தேர்வு ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் நடந்தது. நிஜமான ஏழாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் வெளியூர்த் தேர்வாளர். பாடம், நீர் ஆவியாதல். ஆசிரியை எதையும் இழுக்காமல் முழுதாகக் கேட்டார்:

"ஆடியில ரெண்டு கரையும் தொட்டு ஓடுன காவேரி, சித்திரையில வெறும் மணலாக் கிடக்கு. அந்தத் தண்ணியெல்லாம் எங்க போச்சு?"

ஒருவரும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. "ஆ..." உதடுவரை வந்துவிட்டது. கையிலிருந்த சாக்பீஸை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். உதடு வெள்ளையாயிற்று. முன் பெஞ்சில் ஒருத்தி சிரித்தாள். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆசிரியை அசையவில்லை.

"கடலுக்குப் போயிருச்சு டீச்சர்" என்று ஒரு குரல் வந்தது.

"எங்க வாழைத்தோப்புல பாதி இருக்கு டீச்சர். மரம் குடிச்சிருச்சு."

"லாரிக்காரங்க மணலோட சேத்து அள்ளிட்டுப் போயிட்டாங்க!"

"போடா லூசு, அது மணலுக்கு அடியில இருக்கு. தோண்டுனா வருது, எங்கப்பா காட்டிருக்காரு."

ஒவ்வொன்றையும் கரும்பலகையில் எழுதினார். எதுவும் அவர் தயாரித்த பாடக்குறிப்பில் இல்லை. வெயில் குடித்திருக்கும் என்று ஒருத்தி சொல்லி முடிக்கும்போது மணி அடித்தது. பாடத்தின் தலைப்பையே அவர் இன்னும் எழுதவில்லை.

"பாடம் முடியலையேம்மா" என்றார் தேர்வாளர்.

"முடியலை சார்" என்று ஒப்புக்கொண்டார். வெளியே வந்து லின்சியிடம், "போச்சுடி" என்றார். முடிவு வரும்வரை வீட்டில் உப்பைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

முடிவு வந்தது. தேர்ச்சி. அந்த ஆண்டே ஏழாம் வகுப்புக்குள் ஒரு செம்பருத்தியுடன் நுழைந்து, பிரித்துக் காட்டினார். யாரும் அழவில்லை.

இனி உங்களிடமே பேசுகிறோம், அக்கா. உங்கள் வகுப்பைக் கடக்கும்போது பல நாள் உள்ளே யாரும் இல்லை என்று நினைத்து எட்டிப் பார்த்திருக்கிறோம். முப்பது பிள்ளைகள் யோசித்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் சுவரில் சாய்ந்து காத்திருப்பீர்கள். எங்களில் பலர் காத்திருக்கக் கற்றது அந்த வாசலில் நின்றுதான். ஆனால் காலைப் பிரார்த்தனையின்போது, புதிதாகச் சேர்ந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அழுதால், பாதிச் சொல்லோடு முதலில் ஓடுவதும் நீங்கள்தான்.

உடல் நலத்தோடும், உறவினர் சூழவும், எந்த மணிக்கும் எழ வேண்டிய அவசரமில்லாத காலை வேளைகளோடும் நெடுங்காலம் வாழுங்கள்! நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களும் அலுவலர்களும் எல்லோருமாக இதில் கையெழுத்திட்டிருக்கிறோம்.

வாழ்த்தோடு ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. இன்று காலை ஆசிரியர் அறையில் லின்சி டீச்சர் உங்களிடம் ஒன்று கேட்டார். நீங்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றீர்கள். நாங்களும் எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை.

"அக்கா, நாளைக்குக் காலைல எந்திரிச்சு என்ன பண்ணப் போறீங்க?"