பொட்டு வைத்த இடம்

உங்கள் கான்ஸ்டபிள் வந்ததிலிருந்து முழங்கையைச் சொறிந்துகொண்டே இருக்கிறார், சார். சொறியக் கூடாதென்று சொல்லுங்கள். படகுக்குள் இறங்கித் தடவிப் பார்த்திருப்பார், கண்ணாடி நார் ஏறியிருக்கும். பச்சைத் தண்ணீரில் கழுவினால் போதும். வெந்நீர் பட்டால் நார் இன்னும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஷெட்டில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவனுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சாலமோனுக்கும் சொன்னேன்.

என் பெயர் செங்கல்வராயன், வயது ஐம்பத்தொன்று. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஃபைபர் ஷெட்டில் மேஸ்திரி. இருபத்திரண்டு வருஷமாகத் தண்ணீர்த் தொட்டி, நடமாடும் கக்கூஸ், பழவேற்காட்டுக்காரர்களுக்கு மீன்பிடிப் படகு. எல்லாம் பழைய அச்சில் வார்க்கிற சாமான். இதைச் செய்தவன் யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

தேசப்பன் சார் கேட்டார். கப்பலில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர், பள்ளிப்பட்டுக்காரர். தனக்கென்று ஒரு படகு வேண்டும் என்று வந்தார். இருபத்தாறு அடி நீளம், இரண்டு பேர் படுக்க இடம், அடுப்பு வைக்க ஒரு மேடை. மனைவி கங்கம்மாளோடு கரையோரமாகவே தூத்துக்குடி வரை போக வேண்டுமாம். அந்த ஒரு படகுக்காகவே அச்சு செய்தோம். சனிக்கிழமை தவறாமல் வருவார். ஒரே தூணருகே நின்று போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்புவார். "இன்னா நைனா, எவ்ளோ தூரம் வந்துகீது?" என்று என் தோளில் கை போடுவார். ஸ்டியரிங் பக்கத்தில் பித்தளைத் தகட்டில் என் பெயரைப் பொறித்து மாட்டப் போவதாக ஒரு சனிக்கிழமை சொன்னார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, சார். அவ்வளவு சந்தோஷம்.

தப்பு நடந்தது ஆயுத பூஜையில். அச்சுக்குள் கண்ணாடி நார் மேட் விரித்து, ரெசின் என்கிற பசையைப் பூசி, அடுக்கு மேல் அடுக்காக ஏற்றுவதுதான் எங்கள் வேலை. ஓர் அடுக்கு காய்ந்து இரண்டு நாள் ஆகிவிட்டால் வழவழவென்று ஆகிவிடும். கிரைண்டரால் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் அடுத்ததைப் போட்டால் ஒட்டாது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கிரைண்டர் பூஜையில் இருந்தது. மாலை போட்டு வைத்த கருவியை மறுபூஜை முடியாமல் தொடுகிற வழக்கம் எங்கள் ஷெட்டில் கிடையாது. பூஜைக்கு வந்திருந்த கங்கம்மாள், படகின் மூக்கில் உள்பக்கமாகச் சந்தனத்தைப் பட்டையாகப் பூசிக் குங்குமம் வைத்திருந்தார். மறுநாள் விஜயதசமி. காலை ஒன்பது மணி நல்ல நேரம் என்று புது ரோலர், புது பிரஷ் வாங்கிக்கொண்டு தேசப்பன் சார் குடும்பத்தோடு வந்து நின்றார். முதலாளி வந்து மறுபூஜை போடப் பதினோரு மணி ஆகும்.

சாலமோன் ஈரத்துணியோடு மூக்குப் பக்கம் போனான். "பொட்டத் தொடாதடா" என்றேன். நல்ல காரியம் தொடங்கும்போது பொட்டை அழிப்பார்களா? தேய்க்காமல், அதன் மேலேயே மேட்டை விரித்தேன். கங்கம்மாள் கை தட்டினார்.

பொங்கல் முடிந்த வாரத்தில் மேல்தளத்தை ஏற்றி ஒட்டியாகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை தேசப்பன் சார் கடைசி போட்டோ எடுக்க வருவார், திங்கட்கிழமை படகு லாரி ஏறும். புதன்கிழமை சாலமோன், நங்கூரச் சங்கிலி போட்டு வைக்கிற முன் அறைக்குள் இறங்கி, ஒரு ரூபாய்க் காசால் சுவரைத் தட்டிப் பார்த்தான். ஒட்டிய இடம் கணீரென்று கேட்கும். ஒட்டாத இடம் பொத்தென்று கேட்கும்.

"அண்ணா, முன்னாடி பூரா பொத்து பொத்துன்னு கேக்குது. உள்ள புட்சிக்கவே இல்ல."

"மேல ஒரு லேயர் போட்டா சரியாப் பூடும்" என்றேன்.

"நிக்காதுண்ணா. அலை அடிச்சா உரிஞ்சிக்கும். மேல்தளத்த அறுத்துட்டு பூரா எடுத்துப் போடணும். ஓனரு கைல சொல்லிடலாம். பாவம், பொண்டாட்டியையும் இட்டுகினு போறாரு."

"சனிக்கிழமை நானே சொல்றேன்."

"நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்ணா. கோச்சிக்காத."

அவன் குத்தலாகப் பேசவில்லை. தப்பு யாருடையது என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது. நான் சொல்லிக் கொடுத்த தொழிலை வைத்து, என் படகை அறுக்கச் சொல்கிறான். சனிக்கிழமை ஒரு நாள் அவன் வேலைக்கு வராமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். இதில் அநியாயம் என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை மதியம் அவனை அதே அறைக்குள் இறக்கினேன். சனிக்கிழமை வரைக்கும் ஒரு லேயராவது இருக்கட்டும் என்றதும் ஒப்புக்கொண்டான். தோள் நுழைகிற அளவுக்குத்தான் அதன் வாய். ரெசின் ஆவி முதலில் தலையைச் சுற்றவைக்கும், அப்புறம் காலை மடக்கும். அதனால் காற்று ஊதுகிற ப்ளோயர் குழாய் விடாமல், வாயருகே ஓர் ஆள் உட்காராமல் யாரும் இறங்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். அன்றைக்கு உட்கார்ந்திருந்தவன் சரவணகுமார். அவனை, ரெசின் இறுகுவதற்குச் சேர்க்கிற ஹார்டனர் வாங்கி வரச் சொல்லிக் கவரைப்பேட்டைக்கு அனுப்பினேன். பிறகு ப்ளோயரை நிறுத்தினேன்.

"அண்ணா, காத்து வர்ல" என்று குரல் வந்தது.

"கரண்டு போச்சிடா. தோ வந்துடும். நீ உருட்டு."

நம்பினான். ரோலர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. குழாயை வெளியே இழுத்துவிட்டு மூடியை வைத்தேன். சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க அதன் மேல் உட்கார்ந்தேன். நல்ல மூடி, இம்மிகூட ஆடவில்லை. கொஞ்ச நேரம் கீழிருந்து தட்டினான். லேசாக மயங்கினால் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் என் கணக்கு.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதே உயிர் இல்லை என்றுவிட்டார்கள். அவன் பெண்டாட்டி ஏஞ்சலின் ஷூ கம்பெனி யூனிஃபார்மோடு ஓடி வந்தாள். கரண்டு போய்விட்டது என்று அவளிடமும் சொன்னேன். "காலைல நாஷ்டா கூட துன்னாம வந்தாருண்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, பொய் இல்லை. படகு ஒட்டவில்லை என்று புதன்கிழமையே அவளிடம் சொல்லிவிட்டிருக்கிறான். அது எனக்குத் தெரியாது. அவள் தேசப்பன் சாரிடம் சொல்ல, அவர் உங்களிடம் வந்தார். அன்றைக்குப் பேட்டையில் கரண்டு போகவே இல்லை என்று நீங்கள் விசாரித்து வைத்திருக்கிறீர்கள். அது சரிதான்.

நடுவில் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். தட்டுவது நின்றதும் மூடியைத் திறந்தேன். நான் இறங்க வேண்டுமே, ப்ளோயரைப் போட்டுக் குழாயை உள்ளே விட்டேன். சாலமோன் மூலையில் சாய்ந்து கிடந்தான். வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தான், ஒரு காற்றுக் குமிழ் கிடையாது. ஒரு முழம் மட்டும் பாக்கி. ரெசின் இறுகுவதற்குள் முடிக்க வேண்டும், ரோலரை எடுத்தேன். காற்று பட்டதும் அவன் இருமினான். கண்ணைத் திறந்து, "தூக்குண்ணா" என்றான். "இருடா, முடிச்சிடறேன்" என்று உருட்டி முடித்தேன். அவன் இடது கையால் என் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். விரல்களைப் பிரித்துவிட்டு மேலே ஏறினேன். குழாயை இழுத்தேன், மூடியை வைத்து உட்கார்ந்தேன். சரவணகுமாரின் வண்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

இரண்டாவது தடவையைப் பற்றி நான் எதையும் மறைக்கவில்லை, சார். ஆனால் முதல் தடவை மூடியபோது எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.