நாலாவது கைத்தட்டு

பகல் மூன்றரை மணி. ஏன் முழிக்கிறீர்கள்? பேய்க்கு நடுராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள்... போர்வையை இழுக்காதே நீ. என் சித்தி மகன் ரிஞ்சுவோடு சர்ச் பாட்டுக்குழுவில் வாசிக்கிற சுஜினுக்கு நடந்தது இது.

தேவிகுளம் ரோடு. ஆளே இல்லை. பைக்குக்கு முன்னால் பத்தடிகூடத் தெரியாத மூடுபனி. எங்கிருந்தோ தேயிலைப் பாக்டரியின் பச்சை வாடை. அண்ணன் டின்டுவின் ஜீப் பள்ளத்தில் உருண்ட வளைவில் சுஜின் வண்டியை நிறுத்தினான். அண்ணன் போய் இருபத்தொன்பது நாள். மறுநாள் முப்பதாம் நாள் பூசை. அழுகை வருமா என்று நின்று பார்த்தான்... வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. கிளம்பிவிட்டான்.

முதுகுப் பையில் சாம்ப்ளர் பேட். குச்சியால் தட்டினால் மெமரி கார்டில் சேமித்த ஒலி வருமே, அந்தப் பெட்டி. அதில் 'கைத்தட்டு' என்று ஒரு ஃபைல். போன கிறிஸ்துமஸுக்கு டின்டு, சுஜின், ரிஞ்சு, பாட்டுக்குழுவில் பாடும் நிமி நாலு பேரும் சேர்ந்து ஒரே ஒரு தடவை தட்டியது. டின்டு எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் தட்டுவான். "உனக்குக் கை திருவனந்தபுரத்துல இருந்து வரணுமாக்கும்" என்று நிமி கேலி செய்வாள்.

வீடியோ எடுப்பதெல்லாம் டின்டுதான். அதனால் எதிலும் அவன் இல்லை. அவன் எடுத்ததெல்லாம் இருந்த போனும் ஜீப்போடு போயிற்று. அவன் சத்தம் என்று மிஞ்சியது அந்த ஒரு தட்டுதான்.

எஸ்டேட் லயத்து வீட்டில் அம்மா மதலேனம்மாள் காத்திருந்தாள். "அண்ணன் கைத்தட்டு இருக்குன்னியே. ஒருக்கா போடுல. பூசைக்கு முன்ன கேட்டுருதேன்."

உள்ளறைக்குப் போய் முதலில் தான் மட்டும் ஹெட்போனில் கேட்டான். டப்... மூன்று பேர். நிமி, ரிஞ்சு, சுஜின். பிந்தி வர வேண்டிய இடத்தில் வெறும் இரைச்சல். லேப்டாப்பில் இருந்த நகலிலும் மூன்று. ரிஞ்சுவுக்குப் போன் போட்டு, அவனிடம் இருந்த நகலைக் கேட்கச் சொன்னான்.

"மூணுதான்டா கேக்குது. டின்டுவ வெட்டிட்டியா?"

"நான் தொடவே இல்லடா."

வெளியே அம்மா கூப்பிட்டாள். அழிந்துவிட்டது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எவனுக்கு வாய் வரும்? பெற்றவளை ஏமாற்றுவது பாவம்தான். ஆனாலும் மைக்கைச் செருகினான். கார்டில் இடமில்லை என்றது பெட்டி. கல்யாண மேளத்தை அழித்தான். கோயில் மணியை அழித்தான். சலங்கையை அழித்தான். இடம் கிடைத்தது. மூன்று பேர் கைத்தட்டை ஓடவிட்டு, கொஞ்சம் பிந்தி, டின்டு மாதிரி தானே ஒரு தட்டு தட்டிப் பதிந்தான்.

ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். குச்சியால் தட்டினான். டப்... டப்.

"இவந்தான்! எம்புள்ளதான்!" இருபத்தொன்பது நாளுக்கு அப்புறம் அவள் சிரித்தாள். "இன்னொருக்கா போடு."

போட்டான். சுஜினுக்கு அப்போதும் உள்ளே ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் தடவை அம்மா நெற்றியைச் சுருக்கினாள்.

"நிமி இருக்கா. ரிஞ்சு இருக்கான். கடைசில டின்டு. நீ எங்கல?"

மறுபடி தட்டிக் கேட்டான். வாஸ்தவம். மூன்று பேர்தான். சுஜின் கிறிஸ்துமஸுக்குத் தட்டிய சத்தமும் அதில் இல்லை, இப்போது தட்டிய சத்தமும் இல்லை. பிந்தி வந்தது ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பு ஏறிய அகலக் கை. அது யார் கை என்று அவனுக்குத் தெரியாதா?

"நேர்ல ஒருக்கா தட்டு. உன் சத்தம் எப்படின்னு பாப்போம்," என்றாள், கண்ணைத் திறக்காமலே.

சுஜின் அவள் காதோரம் குனிந்து, இரண்டு கையையும் ஓங்கித் தட்டினான். உள்ளங்கை சிவந்துபோயிற்று.

அம்மா காதைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

"தட்டுல," என்றாள். "ஏன் சும்மா நிக்க?"