வெளிநோயாளிகள் கூடத்துப் பறவைகள்

அரசுக் கட்டடங்களில் மாட்டும் படங்களை யாரும் நின்று பார்ப்பதில்லை. இருபத்திரண்டு வருடம் அவற்றைத் தேர்ந்தெடுத்தவன் நான். வரி அலுவலகத்துக்குச் சாந்தமான நீலம். நீதிமன்றத்துக்கு மனித முகம் இல்லாத ஏதாவது ஒன்று. ஆனால் புது மருத்துவமனையில் நான் மாட்டிய வெண்கலப் பறவைகளை எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

பொறியாளர் முதலிலேயே சொன்னார். "சார், இது வெறும் தடுப்புச் சுவர். இவ்வளவு கனம் தாங்காது. பின்னாடி இரும்புச் சட்டம் போடணும், ரெண்டு மாசம் கொடுங்க." திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. சட்டம் போட்டாயிற்று என்று எழுதி, அவர் கையெழுத்தை நானே போட்டேன்.

மூன்றாம் வாரம், கூடத்தைப் பெருக்கும் அம்மா என்னைத் தேடி வந்தார். "சார், பறவைக்கு மேல சுவர் விரிசல் விட்டிருக்கு. நாளுக்கு நாள் நீளுது."

சரியாகத்தான் சொல்லியிருந்தார். ஞாயிறன்று கூடம் பூட்டியிருந்தபோது ஏணி போட்டு ஏறி, பட்டி பூசி, வண்ணம் அடித்தேன். வெள்ளையில் எத்தனை வெள்ளை இருக்கிறது தெரியுமா? பொருத்தம் பார்க்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று.

அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. பறவைகளுக்கு அடியில் இருந்த பெஞ்சில் யாரும் உட்காராதபடி குறுக்கே ஒரு பிளாஸ்டிக் கயிறு கட்டினார்.

"விழுந்துட்டா யாரு சார் பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேம்மா. நீங்க உங்க வேலையப் பாருங்க." அவிழ்த்துவிட்டேன். கயிறு பறவைகளின் அழகைக் கெடுத்தது. மறுநாளும் கட்டினார், மறுநாளும் அவிழ்த்தேன்.

அதற்கடுத்த நாள் காலை பத்தரைக்குப் பறவைகள் விழுந்தன. பெஞ்சில் கையில் சீட்டோடு ஒரு கர்ப்பிணியும் அவருடைய மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருமே பிழைக்கவில்லை.

பெருக்குகிற அம்மா கயிற்றைப் பறவைகளில் கட்டி இழுத்ததால் விழுந்தன என்று அறிக்கை எழுதினேன். கயிறும் அங்கேயே கிடந்தது, நம்பிவிட்டார்கள். ஐந்து மாதமாக அவர் உள்ளே இருக்கிறார்.

அறிக்கை எழுதியது யாரென்று அவர் வீட்டுக்குத் தெரியாது. நேற்று அவருடைய மகள் என்னைத் தேடி வந்தாள். "கயிறு எதுக்குக் கட்டினேன்னு அந்த சாருக்குத்தான் தெரியும், அவர் வந்து சொன்னா விட்டுடுவாங்கன்னு அம்மா சொன்னாங்க. கொஞ்சம் வர்றீங்களா?" என்றாள்.

அதனால்தான் உங்கள் காவல் நிலையத்துக்கு வந்தேன். அந்த இருவரையும் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பயந்துபோய்ப் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள். சுவர்மேல் பழி வந்தால் இனி எந்த மருத்துவமனையிலும் எதையும் மாட்ட விடமாட்டார்கள் என்றுதான் அப்படிச் சொன்னேன். நோயாளிகளுக்குப் பார்க்க ஏதாவது வேண்டாமா? ஒரே ஒரு இறக்கைதான் வளைந்திருக்கிறது. நிமிர்த்திவிட்டால் அதே இடத்தில் மாட்டிவிடலாம்.