மூன்றாவது ஆளின் ஜோக்கர்

சீட்டாட்டம் கெட்ட பழக்கம் என்பார்கள். நான் ஒருநாளும் காசு வைத்து ஆடினதில்லை, சார். என்னிடம் வேலை செய்யும் டேனியல் உங்களிடம் என்னவெல்லாம் சொன்னானோ தெரியாது. ஆட்டம் புரியாமல் இந்தக் கேஸ் உங்களுக்குப் புரியாது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ஆடுவது கழுதை. சின்னப் பிள்ளைகளும் ஆடுவதுதான். ஒருவன் இஸ்பேட் இறக்கினால் எல்லாரும் இஸ்பேட் போட வேண்டும். இல்லாதவன் வேறு சீட்டால் வெட்டுவான். அப்போது பெரிய இஸ்பேட் போட்டவன் தலையில் குவியல் விழும். கடைசிவரை கையில் சீட்டோடு நிற்பவன் கழுதை. இதில் மூன்று ஜோக்கர்களைச் சேர்த்தது நான். வெட்டுப்பட்டவன் ஜோக்கர் போட்டால் குவியல் வெட்டினவனுக்கே திரும்பும். வெட்டினவனிடமும் ஜோக்கர் இருந்தால் அதைப் போட்டு மறுபடி தள்ளிவிடலாம். தடுப்புக்குத் தடுப்பு. ஆட்டம் சூடு பிடிப்பதே அங்கேதான்.

கழுதை ஆகிறவன் தொட்டிக்குள் இறங்க வேண்டும்.

பேரணாம்பட்டு ரோட்டில் எங்கள் டேனரி. தோல் கழுவின தண்ணீர் போய்ச் சேரும் தொட்டியில் சேறு கட்டிக்கொள்ளும். ஆளை இறக்கக் கூடாது என்று சட்டம், சுவரில் போர்டும் மாட்டியிருக்கிறது. முதலாளியோ மத்தியானத்துக்குள் சுத்தமாக வேண்டும் என்பார். நான் மேஸ்திரி. நான் ஒருவனை இறங்கு என்றால் அது குற்றம். தோற்றவன் தானாக இறங்கினால்? அதற்காகத்தான் இந்த ஆட்டத்தையே கொண்டுவந்தேன். நானும் அவர்களோடு தரையில் உட்கார்ந்து ஆடினேன். எந்த மேஸ்திரி அப்படி உட்காருவான், விசாரித்துப் பாருங்கள்.

அன்றைக்கு நாலு பேர். எல்லப்பன் முதலிலேயே சீட்டு தீர்ந்து எழுந்துவிட்டான். மிச்சம் நான், டேனியல், நவீத். நவீத் இஸ்பேட் ராஜாவை இறக்கினான். டேனியல் சின்ன இஸ்பேட் போட்டான். என்னிடம் இஸ்பேட் இல்லை, வெட்டினேன். அந்தக் குவியலை எவன் வாங்குகிறானோ அவன்தான் கழுதை என்பது மூன்று பேருக்கும் தெரியும். நவீத் சிரித்துக்கொண்டே ஜோக்கர் போட்டான். நானும் ஜோக்கர் போட்டேன். அவன் சிரிப்பு நின்றது. அப்போது டேனியல் தன் கையிலிருந்த ஜோக்கரை என் ஜோக்கர் மேல் வைத்தான்.

"நவீத்துக்காகப் போடறேன் மேஸ்திரி. போன தடவையும் அவன்தான் எறங்குனான்" என்றான்.

மூன்றாவது ஆள் குறுக்கே வரக் கூடாது என்று சொன்னேன். வெட்டினவனும் வெட்டுப்பட்டவனும்தான் தடுக்கலாம்.

"இது எப்ப வந்த ரூலு?"

இப்போது வந்தது என்றேன். முன்பு யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. ஆட்டத்தை நடத்துகிறவன்தானே முடிவு சொல்ல வேண்டும்? எனக்கு அழுகுணி ஆட்டம் பிடிக்காது. டேனியல் விடவில்லை. கடைசியில் நவீத்தே எழுந்துவிட்டான்.

"விடு தோஸ்த், பேஜார் பண்ணாத. சீக்கிரம் வந்துடறேன்."

முதல் வாளி மேலே வந்தது. இரண்டாவது வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம், பதில் இல்லை. டேனியல் ஏணியில் கால் வைத்தான். நானும் எல்லப்பனும் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்துப் போட்டோம். அவன் என் கையைக் கடித்தான், தழும்பு இருக்கிறது. ஒரு உயிரை நான் காப்பாற்றினேன். அதை எந்தப் பேப்பரிலும் போடவில்லை.

அவனை எதற்கு அவ்வளவு இறுக்கிப் பிடித்தேன் என்று கேட்கிறீர்கள். கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அன்று காலையில் மூடியைத் திறந்து குனிந்தேன். அழுகின முட்டை நாற்றம் வந்தது, சட்டென்று நின்றுபோனது. நாற்றம் நின்றால்தான் ஆபத்து, விஷவாயு மூக்கை மரக்கடித்துவிட்டது என்று அர்த்தம். டேனரியில் வயசானவனுக்கு இது தெரியும். மூடியைப் போட்டுவிட்டுத் தள்ளி வந்துவிட்டேன். பயமாக இருந்தது சார், மறைக்கவில்லை. வெளியே சொன்னால் வேலை நிற்கும், முதலாளி முகத்தில் முழிக்க முடியாது. சொல்லாவிட்டால் நான் தோற்கவும் கூடும். அதனால் கலைப்பதற்கு முன்பே சீட்டுக்கட்டிலிருந்து ஒரு ஜோக்கரை உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நவீத்தைத் தள்ளினது அந்த ஜோக்கர்தான். அவன் என்று நினைத்து எடுக்கவில்லை. நானாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தொட்டி மறுபடி நிரம்பிவிட்டது. ஆட்டமும் நடக்கிறது. சண்டைக்கு இடம் வைக்கக் கூடாது என்று ஜோக்கர்களை எல்லாம் எடுத்துவிட்டேன். வெட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். டேனியலும் வருகிறான், வேறு வேலை கிடைக்கவில்லை. போன வாரம் அவன் தோற்றான். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினான். ரூல் தெளிவாக இருந்தால் யாருக்கும் மனக்குறை வராது, சார்.