இல்டாம்மாவோட நோட்டு

இல்ல வே, நாடக வாத்தியார் சிவசுப்பிரமணியன்னு மேலகரத்துல யாரும் கெடையாது. யாரு சொல்லி இங்கன வந்தீரு? தென்காசியில ஜட்கா வண்டிக்காரனா? அவனுக்கு வாயி சும்மா இருக்காது. முதல்ல நீரு யாரு? மெட்ராசா. மெட்ராசுல என்ன சோலி? காக்கிச் சட்ட போடாமலும் போலீசு வருவான், எனக்குத் தெரியும்.

நாட்டியப் பள்ளிக்கூடமா? கையக் காட்டும். ம்… லத்தி புடிச்ச கையி மாரி தெரியல. சரி, உள்ள வாரும், சாரல்ல ஏன் நனையுதீரு. நாந்தான் சிவசுப்பிரமணியன். அந்தக் கடுதாசிய இப்பம் பிரிக்காதேயும். யாரு குடுத்தான்னு மட்டும் சொல்லும்.

இல்டாம்மாவா? அந்த ஜெர்மன்காரியா? உசுரோட இருக்காளா? எங்கன வச்சுப் பாத்தீரு? பம்பாயில, கப்பல் ஏறதுக்கு முந்தி… என்னயப் பத்தி என்ன சொன்னா? இல்ல, சும்மாதான் கேக்கேன்.

முப்பத்தேழு சீசன்ல வந்தா. குத்தாலத்துல ஒரு பங்களா புடிச்சுத் தங்குனா. அவ ஊர்ல அவளும் நாடகக்காரியாம். எங்க கம்பெனி அப்பம் தென்காசியில கொட்டகை போட்டிருந்துது. நான் ஸ்திரீபார்ட்டு, பொம்பள வேசம் கட்டுதவன். மத்த ஆளுவளுக்கு நடை சொல்லிக் குடுக்கதும் நாந்தான். ராணி நடை வேற, கெழவி நடை வேற, புள்ளத்தாச்சி நடை வேற. மொத நாளே முன்னால ஒக்காந்து என் காலையே பாத்துக்கிட்டிருந்தா. எல்லாரும் மூஞ்சியப் பாக்காவ, இவ ஏன் காலப் பாக்கான்னு எனக்கு அப்பமே ஒரு மாரியா இருந்துது.

மறுநா வந்து கேக்கா. எங்க ஊரு இங்கிலீசு வாத்தியாரு ஞானதுரை சாருதான் அவ பேசுனதத் தமிழ்ல சொன்னாரு. நீ எனக்கு நடை சொல்லிக் குடு, நான் எங்க ஊரு வித்தய ஒனக்குத் தாறேன். காலையில நான் வாத்தியாரு, சாயங்காலம் அவ வாத்தியாரு. இப்படி ரெண்டு வருசம்.

என்ன சொல்லித் தந்தாளா? பேசாம நிக்க. சிரியாதேயும், அதுதான் கஷ்டம். மகன் செத்த சீன்ல நான் அரமணி நேரம் பாடுவேன். பாடாதங்கா. ஆர்மோனியத்த நிறுத்துங்கா. செத்த புள்ளகிட்ட நடந்து போ, அம்புட்டுத்தான்னா. எனக்குன்னா ஒரே கோவம். தொல்ல தாங்காம ஒருநா அப்படியே செஞ்சேன். நான் பாதி தூரம் போகலை, அதுக்குள்ள பொம்பளையெல்லாம் மாருல அடிச்சுக்கிட்டு அழுதாளுவ. பதினெட்டு வருசம் பாடியும் எனக்குக் கிடைக்காத அழுகை வே அது.

அப்பம் நல்லவதானேங்கீரா? பொறும். வெள்ளக்காரி எதயும் சும்மா தருவாளா? தடிமனா ஒரு நோட்டு வச்சிருந்தா. நான் நடந்தா, கால் வச்ச எடத்துல எல்லாம் சாக்கட்டியால கோடு போடுவா, அளப்பா, நோட்டுல வரைவா. குதிகாலுக்கு ஒரு வளைவு, வெரலுக்குப் புள்ளி. ஒரு நடைக்கு ஒரு பக்கம். எங்க ஆர்மோனியக்காரன் மைதீன்தான் ஒருநா சொன்னான். அண்ணாச்சி, ஒம்ம கால அந்த நோட்டுக்குள்ள வச்சு மூடிட்டா, நோட்டு கப்பலேறிட்டுன்னா பொறவு நீரு என்னத்துக்குன்னான்.

அன்னையிலேருந்து எனக்குச் சோறு எறங்கல. அவ சிரிச்சா எதுக்குச் சிரிக்கான்னு தோணும். காப்பி தந்தா எதுக்குத் தாறான்னு தோணும். வேணும்னே ரெண்டு நடையத் தப்பா நடந்து காட்டுனேன். கண்டுபுடிச்சுட்டா. அந்த ரெண்டு பக்கத்த மட்டும் வெறுமையா விட்டுட்டா.

முப்பத்தொம்பதுல சண்ட வந்துது. ஜெர்மன்காரின்னு போலீசு வந்து கூட்டிட்டுப் போயிட்டான், நோட்டயும் எடுத்துக்கிட்டான். பூனாப் பக்கம் எங்கயோ அடச்சாவளாம். கூட அடச்சதுல சில பேர ரெண்டே மாசத்துல விட்டாவன்னு கேள்வி. இவள ஏன் விடலைன்னா? எனக்கென்ன வே தெரியும்.

சரி, பிரியும். படியும்.

சுவிட்சர்லாந்தா? அது எங்கன கெடக்கு? பள்ளிக்கூடம் தொறக்கப் போறாளா… என்னய வரச் சொல்லுதாளா? ரெண்டு வருசத்துக்கா? என்னய எதுக்கு? நோட்டப் பத்தி என்ன எழுதிருக்கா, அத மறுபடி படியும். நோட்டு திரும்பக் கிடைக்கல, போகட்டும், உங்க காலு இருக்குல்லா… அப்படியா எழுதிருக்கா? நீரா சேத்துச் சொல்லலையே?

கப்பல் ஏறது கெடக்கட்டும் வே. நீரு அவளுக்குப் பதில் எழுதுவீருல்லா, இதயும் எழுதும். போலீஸ் டேஷனுக்கு என்னயக் கூப்பிட்டு, நோட்ட முன்னால விரிச்சு வச்சு, இது என்னன்னு கேட்டாவ. புள்ளத்தாச்சி நடை அது. பதிமூணு வளைவு. என் காலு எனக்குத் தெரியாதா? செங்கோட்டையத் தாண்டிப் போனா ரயிலுக்குப் பதிமூணு கண்ணுப் பாலம் ஒண்ணு இருக்குல்லா, அதோட படந்தான்யா இதுன்னு சொன்னேன். மத்த பக்கமெல்லாம் மலைக்குள்ள போற ரயில் பாதைன்னு சொன்னேன்.

யாரும் அடிக்கல, மெரட்டல. நாற்காலி போட்டு, மரியாதையாத்தான் கேட்டாவ.