கல்யாண மண்டபத்தில் ரேஷன் கார்டு போட்டோ

கொருக்குப்பேட்டையில் மின்சார ரயில் சிக்னலுக்காக நின்றுவிட்டது. எதிர் சீட்டில் இருந்தவள், பக்கத்தில் டிபன் பையோடு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் ஒரு போட்டோவை நீட்டினாள்.

“மாமியாரு தலைக்கு மேல தெரியுது பாருக்கா, அது எங்க வூட்டுக்காரு வெரலு.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது மட்டும் திரும்பவில்லை.

“அவரு வெரலு இன்னாத்துக்கு அங்க?”

“நேத்து எங்க தையல் கம்பெனி பொண்ணு ரிசப்ஷனுக்குப் போனோம்ல. மண்டபத்து வாசல்ல பூ வளைவு வெச்சு, போட்டோ புடிச்சு அப்பவே கையில குடுத்துகினு இருந்தாங்க. ஓசிதான். ரேஷன் கார்டுக்கு ஆவும்னு, பின்னால பூ தெரியாம இவரு வெள்ளத் துண்ட புடிச்சுகினாரு.”

“அடிப்பாவி!” டிபன் பைக்காரி சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை.

“பசங்களுக்கு ஸ்கூலுக்குன்னு தனித்தனியா. அப்பால குடும்பத்தோட. மொத்தம் ஏழு வாட்டி நின்னோம்.”

“பொண்ணு மாப்ளயோட?”

“மேடைல ஒரே கும்பலு. அப்பால போலாம்னு வுட்டுட்டேன். கடைசில அவளே பட்டுப்பொடவைய தூக்கிப் புடிச்சுகினு எறங்கி வந்தா. ‘வாக்கா, ஆறு வருசமா பக்கத்து மிஷின்ல ஒக்காந்துகினு கீறோம், ஒண்ணா ஒரு போட்டோ கூட இல்ல’ன்னா. பேப்பர் தீந்துபோச்சுன்னு சொல்லிட்டு போட்டோக்காரரு என் கையில இருந்த போட்டோங்களப் பாத்தாரு.”

ரயில் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது.

“அவ இன்னா சொன்னா?”

“‘பரவால்லக்கா, சாப்ட்டியா’ன்னு கேட்டா. ஒண்ணயாவது அவளாண்ட குடுத்துட்டு வரலாம்னு பாத்தேன். ஏழுலயும் எங்க மூஞ்சிதான் கீது.”